உடைஞ்சுதா, உடைச்சாங்களா: தமிழ் வினையில பகுதி எங்க முடியுது?

கேள்வி. ஜூன் 3, காலை 9.10

ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தது ஞாபகம் இருக்கு. வினைச்சொல்லுக்குப் பகுதி கண்டுபிடிக்கணும்னா அதைக் கட்டளையாச் சொல்லிப் பாரு, அதுதான் பகுதி. ஓடினான்னா ஓடு, படித்தான்னா படி. அப்ப அர்த்தம் முழுக்க அந்தக் கட்டளைச் சொல்லுல இருக்கு, பின்னாடி ஒட்டுறதெல்லாம் யாரு, எப்போங்கிறதை மட்டும் சொல்லுது. இது சரியான புரிதலா? சரின்னா அகராதில வினைச்சொல்லுக்கு எதுக்கு இவ்வளவு பக்கம், கட்டளைச் சொல் பட்டியல் ஒண்ணு போதுமே?

ஜூன் 3, மதியம் 1.40

பாதி சரி. ஆனா மிச்சப் பாதியிலதான் விஷயமே இருக்கு.

'உடை'ங்கிற கட்டளையை எடுத்துக்கங்க. இதுல இருந்து உடைந்தது வரும், உடைத்தான் வரும். பேச்சுல உடைஞ்சுது, உடைச்சான். கட்டளை ஒண்ணே ஒண்ணுதான். ஒண்ணுல பானை தானா போச்சு, இன்னொண்ணுல ஒருத்தன் போட்டு உடைச்சிருக்கான். இந்த வித்தியாசம் 'யாரு'ங்கிறதுலயும் அடங்காது 'எப்போ'ங்கிறதுலயும் அடங்காது. எதிர்காலத்துக்குப் போங்க, கூடவே வருது: உடையும், உடைக்கும். காலமே இல்லாத இடத்துக்குப் போங்க, அங்கயும் வருது: உடைய, உடைக்க. அப்ப இது காலம் காட்டுற உறுப்போட வேலை இல்ல, பகுதி முடிஞ்சு ஒட்டு ஆரம்பிக்கிற அந்த மூட்டுல உக்காந்திருக்கிற அர்த்தம்.

எரி, கிழி, முடி, அழி, பிரி, சேர், மறை, வளை, நனை, கலை, விரி, வளர் எல்லாத்துக்கும் இதே கதைதான். எரிஞ்சுது எரிச்சான், முடிஞ்சுது முடிச்சான், வளர்ந்தான் வளர்த்தான். கட்டளையை மட்டும் பட்டியல் போட்டா இதுல பாதி காணாமப் போயிரும்.

ஜூன் 3, மதியம் 2.15

அகராதி பத்திக் கேட்டீங்க இல்ல, அதை விட்டுட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் (1924ல இருந்து 1936 வரை வந்த 6 தொகுதி) கையில கிடைச்சா 'அழி'ங்கிற இடத்தைப் பாருங்க. அழி-தல் தனி, அழி-த்தல் தனி. முதல்ல சொன்னதுக்குப் பக்கத்துல 4னு ஒரு எண், ரெண்டாவதுக்கு 11னு ஒரு எண். அந்த எண் வினை எப்படித் திரியும்ங்கிற வகை. ஒரே ஒரு 'த்' கூடுதலா நிக்குது, அந்த ஒரு எழுத்துக்காக அவங்க தனிப் பதிவே போட்டிருக்காங்க. தொகுத்தவங்க மேல எனக்கு அவ்வளவு மரியாதை வந்தது இந்தக் கோடும் 'த்'தும் பாத்ததுக்கு அப்புறம்தான். காலேஜ்ல படிச்சப்ப அது ஏதோ அச்சுச் சுருக்கம்னு தாண்டிப் போயிட்டிருந்தேன்.

ஜூன் 3, இரவு 11

எனக்கு ஏன் இதுல இவ்வளவு ஆர்வம்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. நான் ஒரு சின்னப் பத்திரிகைல மெய்ப்பு பாக்குறவ. மழைக்காலத்துல வர்ற செய்தில 'ஏரிக்கரை உடைந்தது'ன்னு ஒரு நிருபர் எழுதுவாரு, அதே சம்பவத்தை இன்னொருத்தர் 'ஏரிக்கரையை உடைத்தனர்'னு எழுதுவாரு. ந்-தா த்-தான்னு பாக்குறது எழுத்துப்பிழை பாக்குற வேலை மட்டும் இல்ல. மழை காரணமா, மனுஷன் காரணமாங்கிறது அந்த ஒரு எழுத்துல இருக்கு. நான் இந்த இடத்துல எப்பவும் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் பக்கத்தை விடுவேன், லேட் ஆனாலும் சரி.

வீட்டுலயும் பாருங்க, டம்ளர் கீழ விழுந்தா பிள்ளைங்க 'உடைஞ்சிருச்சு'ம்பாங்க. அம்மா 'உடைச்சிட்டியா'ம்பாங்க. மூணு வயசுலயே ஞ்-சுக்கும் ச்-சுக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாத் தெரியுது! யாரும் உக்காந்து சொல்லிக்குடுத்தது இல்ல.

ஜூன் 4, காலை 7.30

'அப்ப நன்னூல் தப்பா?'ன்னு கோவமா ஒரு கேள்வி. தப்புன்னு நான் சொல்லவே இல்ல. நன்னூலை எழுதின பவணந்தி 13ஆம் நூற்றாண்டுல செஞ்ச வேலை பிரமாதமான வேலை. நட, வா, மடி, சீ, விடு, கூ... அஃகுன்னு 23 மாதிரி வினை குடுத்து, வினைப்பகுதி எந்தெந்த எழுத்துல முடியலாம்னு முழுசா காட்டிட்டாரு. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம்னு ஆறு உறுப்பு. நடந்தனன்ங்கிற ஒரே சொல்லுல ஆறும் இருக்கு: நட + த் (அது ந் ஆச்சு) + த் + அன் + அன்.

என் கவலை வேற. பரிட்சைக்கு நாம பிரிக்கிற முறைல உடைத்தான் = உடை + த் + த் + ஆன். உடைந்தான் = உடை + த்(ந்) + த் + ஆன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. உறுப்பு எல்லாம் ஒண்ணே. ஒரே வித்தியாசம் சந்தியா வந்த த் ஒரு இடத்துல ந் ஆ மாறினது, அதுக்கு 'விகாரம்'னு பேரு. அதாவது ஓசை மாற்றம்னு எழுதிட்டு மார்க் வாங்கிட்டுப் போயிடுறோம். ஆனா யாரு உடைச்சாங்கன்னு சொல்ற பொருளே அந்த விகாரத்துக்குள்ளதான் இருக்கு! சும்மா ஓசைக்காக ஏற்பட்ட மாற்றமா இருந்தா ரெண்டு வடிவமும் ஒரே பொருள் தரணும், இல்லையா. வந்தான்ல வா 'வ'ன்னு குறுகுறது உண்மையிலேயே ஓசை மாற்றம், அதுல அர்த்தம் எதுவும் மாறலை. உடைந்தான்ல உள்ள ந் அப்படி இல்ல. ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சு ஒரே கட்டத்துல போட்டுட்டோம்.

தமிழ் டீச்சர்கள் யாராவது இதைப் படிச்சா, தயவுசெஞ்சு இந்த ரெண்டையும் போர்டுல பக்கத்துல எழுதிக் காட்டுங்க. பிள்ளைங்களே கேப்பாங்க.

ஜூன் 5, மாலை

இன்னொரு வகையும் இருக்கு, இதுல கட்டளையே மாறிடும், அதனால கண்ணுக்கு நல்லாத் தெரியும். திரும்பு திருப்பு. அடங்கு அடக்கு. இறங்கு இறக்கு. நிரம்பு நிரப்பு. திருந்து திருத்து. எழும்பு எழுப்பு. நீங்கு நீக்கு. மெல்லினமும் வல்லினமும் சேந்து நின்னா தனக்குள்ள நடக்கிறது, வல்லினம் இரட்டிச்சா வெளிய ஒண்ணை நடத்துறது. ஓடு ஓட்டு, ஆடு ஆட்டு, மாறு மாற்று, ஆகு ஆக்கு, உருகு உருக்கு, பெருகு பெருக்கு இதெல்லாம் மெல்லினம் இல்லாமலே வெறும் இரட்டிப்பு.

நேத்து சொன்ன உடைந்த உடைத்தவையும் இதையும் சேத்துப் பாருங்க. ந்த் / த்த். ங்க் / க்க். ம்ப் / ப்ப். ஒரே பழக்கம்தான், ஒண்ணுல பகுதிக்கு உள்ளயே நடக்குது, ஒண்ணுல பகுதிக்கு வெளிய ஒட்டோட சேர்ற இடத்துல நடக்குது. அதனாலதான் 'பகுதி இங்க முடியுது'ன்னு ஒரு கோடு கிழிக்கிறது எனக்கு எப்பவும் கஷ்டமாவே இருக்கு.

ஜூன் 5, மாலை, கொஞ்சம் கழிச்சு

வேரும் பகுதியும் ஒண்ணான்னு கேள்வி. இல்ல. திரும்பு, திருப்பு, திருகு, திரி எல்லாத்தையும் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதில (முதல் பதிப்பு 1961, ரெண்டாவது 1984) ஒரே பதிவுலதான் வச்சிருக்காங்க. அங்க பொதுவா நிக்கிற துண்டு 'திர்' மாதிரி ஒண்ணு, சுத்துறது முறுக்குறதுங்கிற அர்த்தம். விளக்குத் திரி, அம்மாச்சி வீட்டுத் திருகை எல்லாம் அந்தக் குடும்பம். திர் வேர். திரும்பு பகுதி. வேரை யாரும் தனியாப் பேசுறதில்ல, பகுதியைத்தான் பேசுறோம்.

ஜூன் 6, மதியம் 3

ஞாயித்துக்கிழமை சமையல் முடிச்சிட்டு உக்காந்து எழுதுறேன், காலைல இருந்து மனசுக்குள்ள இதே ஓட்டம்தான். அடுப்படில நின்னா தமிழ் வினை ஜோடி மொத்தமும் கைக்கு வந்துரும். வெங்காயம் வதங்கிருச்சான்னு பாத்துட்டு இன்னும் கொஞ்சம் வதக்கு. நெய் உருகுது, வெண்ணெயை உருக்கு. புளி கரைஞ்சிருச்சா, கரைச்சாச்சா. அப்பளம் பொரியுது, அப்பளம் பொரிக்கிறா. சாதம் வடிஞ்சிருச்சு, வடிச்சாச்சு. மாவு அரைஞ்சிருச்சா, அரைச்சிட்டியா. டீ ஆறிப்போச்சு, டீயை ஆத்திக் குடு. சோறு ஆச்சா, சோறு ஆக்கியாச்சா. எந்த வீட்டுலயும் இலக்கணம் படிச்சு இதைப் பேசலை, ஆனா ஒரு இடத்துல கூட யாரும் மாத்திச் சொல்றதில்ல.

இப்ப அரிசிக்கு வாங்க. அரிசி ஊறுது. மாறு மாத்து, ஆறு ஆத்து மாதிரி இங்க ஊறு ஊத்துன்னு வரணும். ஆனா 'அரிசியை ஊத்து'ன்னு சொன்னா யாருக்கும் ஊற வைக்கிறதுன்னு புரியாது. ஊத்துங்கிறது தண்ணியை ஊத்துறதுன்னு தனியாப் போயிருச்சு. ஜோடில ஒருத்தர் வேற வேலைக்குப் போயிட்டதால, காலி இடத்தை நிரப்ப 'ஊற வை', 'ஊறப் போடு'ன்னு ரெண்டு சொல்லாச் சொல்றோம்.

தூங்குக்கும் இதே கதைதான். பழந்தமிழ்ல தூங்குதல்னா தொங்குறது, ஆடுறது. தூக்கு அதோட ஜோடி. தூக்கணாங்குருவிக் கூடு தொங்குற கூடு, தூக்குத் தண்டனை, தூக்குவாளி எல்லாத்துலயும் அந்தப் பழைய அர்த்தம் அப்படியே இருக்கு. தூங்குறதுங்கிற சொல் உறக்கத்துக்குப் போயிருச்சு, தூக்கு மேல எடுக்கிறதுக்குப் போயிருச்சு. அதனால குழந்தையைத் தூக்குறது வேற, தூங்க வைக்கிறது வேற. 'வை' எங்கெங்க வருதுன்னு பட்டியல் போட்டா பழைய ஜோடி எங்கெங்க பிரிஞ்சு போச்சுன்னு ஓரளவுக்குப் பிடிச்சிரலாம்னு எனக்குத் தோணுது. எல்லா இடத்துலயும் இல்ல. கொதிக்க வைங்கிறோம், கொதிக்கு ஜோடி இருந்த மாதிரி தெரியல.

ஜூன் 7, காலை

கொதிக்குதுங்கிறதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நல்ல எதிர்வாதம் வந்திருக்கு. 'வல்லினம் இரட்டிச்சா வெளிய நடத்துறதுன்னீங்க. கொதிக்குது, சிரிக்கிறான், குதிக்கிறான் எல்லாத்துலயும் க்க் இருக்கு, எதை நடத்துறாங்க? இன்னொரு பக்கம், ஊரை அடைந்தான், மனைவியைப் பிரிந்தான்னு ந்த் வர்ற இடத்துல ஐ உருபோட செயப்படுபொருள் நிக்குதே?'

இதுக்காகத்தான் நான் இந்த இழையை இவ்வளவு ஆசையா எழுதிட்டிருக்கேன். மதுரை அமெரிக்கன் கல்லூரில இருந்த கு. பரமசிவம் இதை உக்காந்து ஆராய்ஞ்சவரு. அவர் வச்ச பேரு இயங்குவினை, இயக்குவினை. செயப்படுபொருள் இருக்கா இல்லையாங்கிறது கேள்வியே இல்ல, மாற்றம் யாருக்கு நடக்குதுங்கிறதுதான் கேள்வி. ஊரை அடைந்தான்ல நகர்ந்தது அவன்தான், ஊர் இருந்த இடத்துல இருக்கு. வாய்க்காலை அடைத்தான்னா மாறினது வாய்க்கால். மனைவியைப் பிரிந்தான்ல போனது அவன். அவங்களைப் பிரித்தான்னா போனவங்க மத்தவங்க. இப்ப ஐ உருபு எங்க நின்னாலும் குழப்பம் இல்ல.

சிரி, குதி, கொதி மாதிரி ஜோடியே இல்லாத வினைக்கு இந்தக் கேள்வியைக் கேக்குறதுல அர்த்தம் இல்லன்னு நான் நினைக்கிறேன். ரெண்டு வடிவம் எதிரெதிரா நின்னாத்தான் ஒண்ணு இன்னொண்ணுல இருந்து வேறன்னு சொல்ல முடியும். சிரிக்கு எதிர்ல நிக்க ஆள் இல்ல, அதனால அங்க அந்த க்க் வெறும் திரிபு வகையாத்தான் இருக்கு. நான் முதல் நாள் எழுதினதை இப்படி இறுக்கிப் படிச்சுக்கங்க: மூட்டுல பொருள் இருக்கு, ஆனா ஜோடி இருக்கிற இடத்துல மட்டும்.

ஜூன் 7, காலை, ஒரு வரி

'படி' ஜோடியான்னு கேட்டவருக்கு: தூசி படிஞ்சிருக்கு, புக் படிச்சான். வடிவம் ஜோடி மாதிரி இருக்கு, ஆனா இன்னிக்குப் பேசுறவங்க மனசுல அது ரெண்டு தனிச் சொல். நான் ஜோடில சேக்க மாட்டேன்.

ஜூன் 8, இரவு 9.45

என் கூட வேலை பாக்குற யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்க இதைப் படிச்சிட்டு, 'நாங்கள் படிப்பிக்கிறது எண்டு சொல்லுறம், நீங்கள் ஏன் சொல்லித்தாறது எண்டு சுத்துறியள்'னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. படிப்பி, செய்வி, வருவின்னு வி, பி சேத்து அடுத்தவரைச் செய்ய வைக்கிறது நன்னூல்லயே இருக்கு, ரெண்டையும் சேத்துப் போட்டா ஈரேவல், அதாவது ஒருத்தர் மூலமா இன்னொருத்தரைச் செய்ய வைக்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சுல அது தேஞ்சு தெரிவிச்சான் மாதிரி அங்கங்க மட்டும் கேக்குது. அவங்க ஊர்ல படிப்பிக்கிறது தினசரிப் பேச்சு. கேக்க அவ்வளவு நல்லா இருக்கு.

இன்னொருத்தர் அரபியைக் கேட்டிருக்காரு. அரபில வேர்ங்கிறது பெரும்பாலும் மூணு மெய்யெழுத்து, உயிர் எல்லாம் நடுவுல பூந்து அர்த்தத்தை மாத்தும். க-த-ப எழுதுறது சம்பந்தப்பட்டது: கிதாப் புத்தகம், காதிப் எழுதுறவரு. நம்ம ஊர் முஸ்லிம் வீடுகள்ல கிதாபுன்னு சாதாரணமாச் சொல்வாங்க. ஸ-ல-ம: ஸலாம், இஸ்லாம், முஸ்லிம். இதுல என்னைப் பிடிச்சு நிறுத்தினது த-ர-ஸ. மதரஸா அதுல இருந்து வந்தது. தரஸன்னா படிச்சாரு. நடு எழுத்தை இரட்டிச்சு தர்ரஸன்னா படிப்பிச்சாரு! அலிமன்னா அறிஞ்சாரு, அல்லமன்னா அறிவிச்சாரு, கத்துக்குடுத்தாரு. மெய்யை இரட்டிச்சா செயல் அடுத்தவர் மேல போகுது. நாம ஓரத்துல இரட்டிக்கிறோம், அவங்க நடுவுல இரட்டிக்கிறாங்க.

உடனே 'அரபியும் தமிழ்ல இருந்து வந்ததுதான்'னு யாரும் ஆரம்பிச்சுடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கிறேன். குடும்பமே வேற. ரெண்டு மொழி தனித்தனியா ஒரே வழியைக் கண்டுபிடிச்சிருக்குன்னா அதுவே போதுமான அதிசயம்.

ஜூன் 9

பக்கத்து மொழி கேட்டவங்களுக்குச் சுருக்கமா: கன்னடத்துல ஆடு, ஆடிசு. தெலுங்குல ஆடு, ஆடிஞ்சு. அங்க தனி ஒட்டு பின்னாடி வந்து சேருது. மலையாளத்துல ரெண்டும் உண்டு, வண்டி ஓடிக்கும்பாங்க, ஆனா மாறு மாற்று நம்மளை மாதிரியே.

ஜூன் 9, இரவு

இரட்டிப்பு மட்டும் இல்லப்பா, உயிர் நீண்டும் அர்த்தம் மாறும், அதை யாருமே சொல்லலையேன்னு ஒரு தம்பி. ஆமா. சுடு சூடு, கெடு கேடு, பெறு பேறு, படு பாடு, உண் ஊண். முதனிலை திரிந்த தொழிற்பெயர்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. ஒட்டு எதுவும் கிடையாது, பகுதியோட முதல் உயிரை இழுத்தாப் பெயர்ச்சொல் வந்துருது. 'பகுதி மாறாது, ஒட்டுதான் அர்த்தம் மாத்தும்'ங்கிறவங்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

ஜூன் 11, மதியம்

கம்ப்யூட்டர் ஆட்கள் வந்துட்டாங்க, சந்தோஷம். தேடுபொறிக்காக ஒட்டை வெட்டி அடியை மட்டும் வச்சுக்கிற முறை பழசு, மார்ட்டின் போர்ட்டர் 1980ல இங்கிலீஷுக்கு எழுதினது இன்னிக்கும் ஓடுது. அதுல யுனிவர்ஸ், யுனிவர்சிட்டி ரெண்டும் வெட்டுப்பட்டு ஒரே துண்டாயிடும்ங்கிறது எல்லாரும் சொல்ற உதாரணம். தேடுறதுக்கு அது பரவால்ல, கொஞ்சம் கூடுதலாக் கிடைக்கும், அவ்வளவுதான்.

தமிழுக்கு அதே மாதிரி வெட்டினா என்ன ஆகும்? எங்க பத்திரிகையோட பழைய இதழ்களுக்கு ஒருத்தர் தேடுற வசதி செஞ்சு குடுத்தாரு. 'கரை உடைத்த'ன்னு தேடினா உடைந்த செய்தியெல்லாம் வந்து கொட்டுச்சு. ந்த், த்த் ரெண்டையும் ஒட்டுன்னு நினைச்சு வெட்டிட்டாரு, மிஞ்சினது உடை. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், ஸ்கூல்ல நாம எல்லாரும் அப்படித்தானே பிரிச்சோம். அப்புறம் நான் ஜோடிப் பட்டியல் எழுதிக் குடுத்தேன், உடை-ந், உடை-த்னு ரெண்டு அடியா வச்சுக்கிட்டாரு, இப்ப நல்லாத் தேடுது. தமிழுக்கு இந்த வேலை செய்றவங்க ஒரே ஒரு விஷயம் கவனிங்க: காலம் காட்டுற த் வரைக்கும் வெட்டுங்க, அதுக்கு முன்னாடி நிக்கிற ந், த்-தை விட்டு வைங்க.

ஜூன் 13, இரவு 10.30

'இதெல்லாம் பழைய தமிழ், இப்ப பசங்க பாதி இங்கிலீஷ்லதான் பேசுறாங்க, இந்த ஜோடியெல்லாம் செத்துரும்'னு ஒரு பெரியவர் வருத்தப்பட்டிருக்காரு. ஐயா, பசங்க பேசுறதைக் காது குடுத்துக் கேளுங்க. ஃபைல் டெலீட் ஆயிருச்சு, ஃபைலை டெலீட் பண்ணிட்டான். போன் கட் ஆச்சு, போனைக் கட் பண்ணான். கதவு லாக் ஆயிருச்சு, கதவை லாக் பண்ணு. கலர் மிக்ஸ் ஆகலை, நல்லா மிக்ஸ் பண்ணு. இங்கிலீஷ்ல டெலீட் ஒரே சொல். அந்த அடிச்சொல் தமிழுக்குள்ள வந்த உடனே ஆகு ஒரு பக்கம், பண்ணு ஒரு பக்கம்னு நாம அதுக்கு ஜோடி கட்டிட்டோம். கடன் வாங்கின அடியை நாம இரட்டிக்க முடியாது, 'டெலீட்டு'ல எதை இரட்டிக்கிறது, அதனால வேலையைப் பின்னாடி வர்ற வினைக்குக் குடுத்துட்டோம். எழுத்து போச்சு, பாகுபாடு போகலை. மாற்றம் யாருக்கு நடந்துச்சுங்கிறதைச் சொல்லாம ஒரு தமிழ் வாக்கியத்தை முடிக்க நமக்கு மனசு வராது போல.

ஜூன் 14, காலை

எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள், ஊர்ப் பேரோட பதில் போடுங்க. பால் பொங்குது. பொங்குக்குப் 'பொக்கு'ன்னு ஜோடி எங்கயும் நான் கேட்டதில்ல. ஆனா எங்க தெக்கத்திப் பக்கம் 'சோறு பொங்கிட்டியா'ம்பாங்க, அங்க பொங்குறது சோறு இல்ல, பொங்குறவங்க. அதாவது ஒரே வடிவம் ரெண்டு வேலையும் பாக்குது, ங்க் அப்படியே இருக்கு. கொங்கு, தஞ்சாவூர், வடஆற்காடு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆட்கள் வீட்டுல இதை எப்படிச் சொல்றீங்க? பொங்குறது மாதிரி மெல்லினம் மாறாமலே ரெண்டு பக்கமும் ஓடுற வினை வேற எது உங்க காதுல விழுந்திருக்கு? பாட்டிங்க பேசுறதைக் கேட்டு எழுதினா இன்னும் நல்லது.